இடது கை

முதல் வருடம் முழுக்க உருளை, கூம்பு, கன சதுரம்.
இரண்டாம் வருடம் பிளாஸ்டரில் வார்த்த மூக்கு,
தனியாக ஒரு காது,
கடைசியில் கையிழந்த கிரேக்க வீரன்.

ப்ளூம்ஸ்பரியில் எங்கள் பள்ளியின் மாடிக்கு
வெயில் வந்தால் அது செய்தி.
மற்ற நாட்களில் கேஸ் விளக்கு;
வீரர்கள் மஞ்சள் காமாலை கண்டு நிற்பார்கள்.
இடுப்பில் ஆளுக்கொரு தகர இலை.
திருகாணி முடுக்கியது
செயலாளரின் சொந்தக் கை என்றாள் வினிஃப்ரெட் ஆஸ்கியூ.

வரையக் கரித்துண்டு, அழிக்க ரொட்டித்துண்டு.
மதியம் பசித்தால்
அழிக்க வைத்ததைத் தின்றுவிடுவோம்.
அன்றைய பிழைகள் அப்படியே நிற்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வகுப்பு.
அங்கே உயிருள்ள உடல்.
உடுப்பில்லாதவனுக்குக் குளிருமே,
அதனால் அவர்களுக்கு நிலக்கரி அதிகம்.
எங்களுக்குக் கட்டணம் அதிகம்.

வலது கை தூரிகை பிடித்ததில்
எனக்கு மிச்சம் இடது.
அது கூலி கேட்காது.
அது துணியில்லாமல் இருப்பதாக
எந்தப் பாதிரியும் கடிதம் போடமாட்டார்.
விரித்தேன், மடக்கினேன்,
கிண்ணம் ஏந்த வைத்தேன், கத்தி பிடிக்க வைத்தேன்,
மேசைமேல் செத்துக் கிடக்க வைத்து
விளக்கு அணையும்வரை வரைந்தேன்.
கைவந்த கலை என்பார்கள்.
எனக்கு வந்தது ஒரே கை.

ஆகவே என் முதல் பெரிய படத்தில்
கப்பல் உடைந்து கரையொதுங்கும்
பதினோரு மாலுமிகளுக்கும் என் கைதான்.
வலது தேவைப்பட்ட இடத்தில்
கண்ணாடியில் திருப்பிக்கொண்டேன்.
பென்சில் சீவும்போது கட்டைவிரலில் விழுந்த தழும்பு
பதினோரு பேருக்கும் இருந்தது.
ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.
‘திரு. எல். ட்ரெகார்த்’ என்று எழுதிய விமரிசகர்
வானத்தைத் திட்டினார், கடலைத் திட்டினார்,
கைகளில் ஆண்மையின் உறுதி தெரிகிறது என்றார்.
வெட்டியெடுத்துக் கையுறைப் பெட்டியில் வைத்தேன்.

மனுக்கள் போட்டுக்கொண்டேயிருந்தோம்.
நான்காவதற்குப் பதில் வந்தது, விதிகளோடு:
முதலில் நீச்சல் கால்சட்டை.
அதன்மேல் சுற்றிச் சுற்றி ஒன்பதடித் துணி.
துணி நழுவாதிருக்க அதன்மேல் தோல்வார்.

ஜேபஸ் முல்லின்ஸ். வாப்பிங் துறையில் மூட்டை தூக்குபவன்.
தபாலில் அனுப்பக் கட்டிய பார்சல்போல
மேடையேறினான்.
அறையில் இருபத்திரண்டு பெண்கள்.
வெட்கம் அவன் ஒருவனுக்கு.

எத்தனை வருடம் காத்திருந்தது!
தோள் எங்கிருந்து கிளம்புகிறது,
விலா மூச்சை எப்படி வாங்கி வைக்கிறது,
துணிக்கு மேலும் கீழும்
கிடைத்ததையெல்லாம் தோழிகள் அள்ளிக்கொண்டிருக்க
என் கண் அவன் தொடைமேல் கிடந்த
இடது கையில் போய் நின்றது.

சுண்டுவிரல் இல்லை.
மூட்டுகள் நனைந்த கயிற்றின் முடிச்சுகள்.
எந்தச் சோப்புக்கும் மசியாத கறுப்பு நகக்கண்ணில்.
மூடச் சொன்னாலும் முழுதாக மூடாது,
திறக்கச் சொன்னாலும் முழுதாகத் திறக்காது.
சும்மா இருக்கும்போதும்
எதையோ பிடித்துக்கொண்டே இருந்தது.

என் பதினோரு பேர் நினைவுக்கு வந்தார்கள்.
பியானோ விரல்களோடு
புயலுக்குள் போனவர்கள்.

இடைவேளையில் தேநீர் கொடுத்தோம்.
என் பலகையில் இருந்த ரொட்டியைக் காட்டி
இது தின்னவா, துடைக்கவா என்று கேட்டான்.
இரண்டுக்கும்தான் என்றாள் வினிஃப்ரெட்.
எடுத்துத் தின்றான்.
மணியடிக்கும்வரை நான் எதையும் அழிக்கவில்லை.

அந்த வாரமே
லீட்ஸில் என் படத்தை வாங்கிய கம்பளி வியாபாரிக்கு எழுதினேன்:
ஒரு மாதம் திருப்பித் தாருங்கள்,
கைகளைச் சரிசெய்ய வேண்டும்.
மறுதபாலில் பதில்:
‘மதிப்பிற்குரிய ஐயா,
அது சாப்பாட்டு அறையில் அடுப்புக்கு மேலே இருக்கிறது.
கைகளுக்காகத்தான் வாங்கினேன்.
தயவுசெய்து தொடாதீர்கள்.’